கார் பின் வீல்ல இருந்து ஊம்னு சத்தம் வருதா? டயரா பேரிங்கான்னு கண்டுபிடிக்கிற வழி

இந்த சத்தத்தை டிரைவரை விட பின் சீட்ல உக்காந்திருக்கவங்க தான் முதல்ல சொல்லுவாங்க. 40 தாண்டினதும் லேசா ஆரம்பிச்சு 70, 80ல ஊஊம்னு ஒரே சீரா வரும், பாட்டு போட்டா அமுங்கிடும், அதனாலேயே பல பேர் மாசக்கணக்குல கண்டுக்காம ஓட்டிட்டு இருப்பாங்க. அப்புறம் ஒரு நாள் டயர் கடைக்குப் போனா நாலு டயரையும் மாத்துங்கன்னு சொல்லுவாங்க, மெக்கானிக்கிட்ட போனா ரெண்டு பேரிங்கும் போச்சும்பாரு. ரெண்டுமே உண்மையா இருக்கலாம், ஆனா ஓட்டிப் பாக்காம, வீலைக் கையால தொட்டுப் பாக்காம யார் சொன்னாலும் காசு எடுத்து நீட்டாதீங்க. இதை நம்மளே முக்கால்வாசி கண்டுபிடிச்சிடலாம், ஒரு ஜாக்கியும் ஒரு காலி ரோடும் இருந்தா போதும்.

முதல்ல இஞ்சினை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. ட்ராஃபிக் இல்லாத நேரான ரோட்ல, சென்னைப் பக்கம்னா வண்டலூர் மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு மாதிரி ஒரு இடத்துல காலைல சீக்கிரமா போய், 70 கிமீ வேகம் வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிடுங்க. இஞ்சினை மட்டும் ஆஃப் பண்ணவே கூடாது, பண்ணா பவர் ஸ்டீயரிங் போயிடும், பிரேக் கல்லு மாதிரி ஆயிடும். நியூட்ரல்ல ஆர்பிஎம் கீழ விழுந்தும் சத்தம் அப்படியே இருந்து, வண்டி வேகம் குறையக் குறைய அதுவும் குறைஞ்சா அது சுத்துற வீல் பக்கத்துல இருந்து தான் வருது. நியூட்ரல் போட்டதும் சத்தம் நின்னுட்டா டயரையும் பேரிங்கையும் விட்டுட்டு இஞ்சின், கியர்பாக்ஸ், சைலன்சர் பக்கம் தேடுங்க.

அதே ரைடுல ரோட்டையும் கவனிங்க. புதுசா போட்ட வழவழன்னு இருக்கிற தார் ரோட்ல சத்தம் குறைஞ்சு, சொரசொரப்பான பழைய ரோட்லயோ சிமெண்ட் ரோட்லயோ ஏறினதும் சத்தத்தோட ரகமே மாறுச்சுன்னா டயர் மேல தான் சந்தேகம். எந்த ரோடா இருந்தாலும் ஒரே உறுமல்னா பேரிங். பின் சீட்ல ஒருத்தரை உக்கார வெச்சு கேக்கச் சொல்லுங்க, டிரைவர் சீட்ல இருந்து இடமா வலமான்னு சொல்றது ரொம்ப கஷ்டம், முன் வீல் சத்தம் கூட சில வண்டில பின்னாடி வர்ற மாதிரியே கேக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி டிக்கில இருக்கிற ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாத்தையும் இறுக்கமா வெச்சுட்டுப் போங்க.

இப்போ டயர். இங்க தான் நிதானமா நேரம் செலவழிக்கணும், ஏன்னா என் அனுபவத்துல பின்னாடி சத்தத்துல பாதிக்கு மேல டயர் தான். நம்ம ஊர் சின்ன கார் எல்லாம் பெரும்பாலும் முன் வீல் டிரைவ், பின்னாடி வெயிட் கம்மி, டயர் சீக்கிரம் தேயாது, அதனால யாரும் அதைத் திரும்பிப் பாக்கறதே இல்ல, முன் டயரை மட்டும் மாத்திட்டு பின்னாடி பழசையே ஓட்டிட்டு இருப்பாங்க. வெயிட் இல்லாத பின் வீல் ரோட்ல லேசா குதிச்சுக் குதிச்சு ஓடும், ஷாக் அப்சார்பர் வீக்கா இருந்தா இன்னும் அதிகம், அப்போ டயர் ஒரே சீரா தேயாம அங்கங்க மேடும் பள்ளமுமா தேயும். கண்ணுக்கு பட்டன், அதாவது ரோட்ல படற ரப்பர் கட்டங்க, நல்லா ஆழமா இருக்கிற மாதிரி தான் தெரியும். கையை வெச்சுப் பாத்தா தான் குட்டு வெளிப்படும். வண்டியை நிழல்ல நிறுத்தி ஆற விட்டு, உள்ளங்கையை டயர் மேல வெச்சு முதல்ல முன்னாடி பக்கமா தடவுங்க, அப்புறம் அதே இடத்துல பின்னாடி பக்கமா தடவுங்க. ஒரு பக்கம் வழுக்கிட்டு போயி, எதிர்ப்பக்கம் ஒவ்வொரு பட்டனோட முனையும் அரம் மாதிரி கையைப் பிடிச்சு இழுத்தா ஊம் சத்தத்துக்குக் காரணம் கிடைச்சாச்சு. வெளி ஓரத்தை மட்டும் தடவிட்டு எழுந்துடாதீங்க, உள் ஓரம் தான் அதிகமா இப்படி ஆகும், கையை உள்ள விட்டுத் தடவணும். டயர்ல கம்பி வெளிய வந்திருந்தா கையைக் கிழிச்சிடும், அதனால டார்ச் அடிச்சுப் பாத்துட்டு கையை விடுங்க.

கூடவே டயர் பக்கவாட்டுல DOTனு ஆரம்பிக்கிற வரியோட கடைசி நாலு எண்ணையும் பாத்துடுங்க, 2319னு இருந்தா 2019ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். ரப்பர் வயசானா இறுகிப் போயி சத்தம் கூடும். காத்தும் டிரைவர் டோர் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல சொன்ன அளவு இருக்கணும்.

சந்தேகம் தீரலைன்னா முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும், அதே பக்கத்துலயே மாத்திப் போட்டு ஓட்டுங்க. அதே பக்கம்னு சொல்றதுக்குக் காரணம், ஓடுற திசைக்கு அம்புக்குறி போட்ட டயரா இருந்தாலும் பிரச்சனை வராது. எந்த டயர் கடைலயும் கொஞ்ச நேரத்துல முடிச்சுக் குடுத்துடுவாங்க. சத்தம் முன்னாடி வந்துடுச்சுன்னா டயர் தான், நகராம பின்னாடியே நின்னா டயர் மேல பழி போட வேண்டாம். பேரிங்கைக் கழட்டறதுக்கு முன்னாடி இந்த ஒரு வேலையைக் கட்டாயம் பண்ணுங்க, இவ்வளவு கம்மி செலவுல இவ்வளவு தெளிவா பதில் சொல்ற டெஸ்ட் வேற இல்ல.

பேரிங்கா இருந்தா எந்தப் பக்கம்? காலி ரோட்ல 50, 60 வேகத்துல ஸ்டீயரிங்கை மெதுவா இடது, வலதுன்னு அசைங்க, வண்டி ஆட்டம் காட்டற அளவுக்கு வேண்டாம். இடது பக்கம் திருப்பும்போது வெயிட் வலது வீல் மேல ஏறும். அப்போ உறுமல் கூடி, வலது பக்கம் திருப்பும்போது குறைஞ்சா வலது பேரிங் மேல சந்தேகம் வைக்கலாம். பின் வீல்ல இது முன் வீல் அளவுக்குத் தெளிவா தெரியாது, சில டபுள் ரோ (உள்ள ரெண்டு வரிசை பால் இருக்கிற) பேரிங்ல தலைகீழாவும் வரும், அதனால இதை மட்டும் நம்பி பார்ட் வாங்கிடாதீங்க, ஜாக்கி போட்டுப் பாத்துடுங்க.

ஜாக்கி போடும்போது ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். பின் வீலைச் சுத்தணும்னா ஹேண்ட்பிரேக்கை எடுக்கணும், எடுத்தா வண்டி உருளும். அதனால சமதளத்துல நிறுத்தி, முன் வீல் ரெண்டுக்கும் முன்னயும் பின்னயும் கட்டை குடுத்து, முன் வீல் டிரைவ் வண்டின்னா முதல் கியர்ல போட்டு, அப்புறம் தூக்குங்க, தூக்கினதும் ஸ்டாண்டு போடுங்க. வெறும் ஜாக்கியை நம்பி கையையோ தலையையோ கீழ விடாதீங்க. வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. டக் டக்னு ஆட்டம் இருந்தா உள்ள ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க, ஆட்டம் காணாமப் போனா பேரிங், அப்பவும் இருந்தா சஸ்பென்ஷன்ல இருக்கிற ரப்பர் புஷ் பக்கம் பாருங்க. ஆட்டமே இல்லாம சத்தம் மட்டும் போடுற பேரிங்கும் நிறைய உண்டு. அதுக்கு ஒரு கையால வீலை வேகமா சுத்திவிட்டு இன்னொரு கையோட விரலை மட்டும் அந்த வீலோட காயில் ஸ்பிரிங் (சஸ்பென்ஷன் சுருள் கம்பி) மேல வைங்க. நல்ல பேரிங்னா விரலுக்கு ஒண்ணுமே தெரியாது, போன பேரிங்னா மணல் அரைபடற மாதிரி நரநரன்னு ஒரு அதிர்வு ஸ்பிரிங் வழியா விரலுக்கு ஏறும். அடுத்த பக்கத்தையும் இதே மாதிரி செஞ்சு பாத்தா வித்தியாசம் சந்தேகத்துக்கு இடமில்லாம புரியும்.

வீல் கஷ்டப்பட்டு சுத்தினா பிரேக் ஷூ ஒட்டிட்டு இருக்கலாம், ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடிச்சு முழுசா ரிலீஸ் ஆகாம இருந்தா அப்படி ஆகும். ஓட்டிட்டு வந்ததும் வீல் கிட்ட கையைக் கொண்டு போங்க, தொடாதீங்க, ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா உடனே பிரேக் டிரம்மைக் கழட்டிப் பாக்கணும்.

பொலேரோ, ஸ்கார்ப்பியோ, பழைய இன்னோவா, ஈகோ மாதிரி பின் வீல் டிரைவ் வண்டி வெச்சிருக்கவங்களுக்கு இன்னொரு சந்தேகப் பேர்வழி உண்டு, கிரவுன் பினியன், அதாவது பின் ஆக்சில் நடுவுல டிஃபரன்ஷியலுக்குள்ள இருக்கிற பல் சக்கரங்க. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஊம்னு வந்து, காலை எடுத்ததும் சத்தம் நின்னாலோ வேற சுருதிக்கு மாறினாலோ அது அங்க இருந்து தான். டிஃபரன்ஷியல் ஹவுசிங்ல ஃபில்லர் போல்ட்டைக் கழட்டினா ஆயில் ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் நிக்கணும். ஆயில் வெளுத்துப் போயிருந்தா தண்ணி கலந்திருக்கு, பளபளன்னு இரும்புத் தூள் மிதந்தா உள்ள பல்லோ பேரிங்கோ தேயுது.

தண்ணின்னதும் ஞாபகம் வருது, 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னைல எத்தனையோ வண்டி ஆக்சில் முங்கி நின்னுச்சு. சூடா இருக்கிற பேரிங் திடீர்னு தண்ணில முங்கினா குளிர்ந்து சுருங்கும்போது சீல் வழியா தண்ணியை உள்ள இழுத்துக்கும், அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, சில மாசம் கழிச்சு தான் உறும ஆரம்பிக்கும். வெள்ளத்துல ஓட்டின ஞாபகம் இருந்தா மெக்கானிக்கிட்ட மறக்காம சொல்லுங்க.

மாத்தும்போது கூடவே நில்லுங்க. டிரம்முக்குள்ள இறக்குற பேரிங்கா இருந்தா பிரஸ் மெஷின்ல வெச்சு வெளி ரிங்கைத் தான் அழுத்தணும், உள் ரிங் மேல சுத்தியலால தட்டினா பால் ஓடுற தடத்துல பள்ளம் விழுந்து புது பேரிங்கே முதல் நாள்ல இருந்து சத்தம் போடும். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது வீல் லாக் ஆகாம தடுக்கிற சிஸ்டம்) வண்டில சென்சார் படிக்கிற காந்த சீல் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், மாத்திப் போட்டா டேஷ்போர்டுல லைட் எரியும். ஹப் நட்டு புதுசா போடச் சொல்லுங்க, இறுக்கத்தை அளந்து காட்டற டார்க் ரெஞ்ச்ல வண்டிக்குச் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்க. போனது ஒரு பக்கம்னா ஒரு பக்கம் மட்டும் மாத்தினா போதும், ரெண்டும் ஒரே வயசு, வண்டி நிறைய ஓடியிருக்குன்னா மட்டும் அடுத்ததையும் சேத்துப் பண்றதுல அர்த்தம் இருக்கு. அதுவரைக்கும் ஹைவே பயணம் வேண்டாம், ஆட்டம் வந்துட்ட பேரிங்னா பக்கத்துத் தெருவுக்குக் கூட ஓட்டாம டோ பண்ணிக் கொண்டு போங்க.