போர்ட்டோவில இருந்து சந்தியாகோ மட்டும் கால்நடையா: மட்டக்களப்பு ஆக்களுக்கு

நம்மட கல்லடியில இருந்து பொத்துவில் பக்கம் நடந்தா கடல் இடக்கைப் பக்கம் வரும்தானே, போர்த்துக்கல்ல போர்ட்டோவில இருந்து ஸ்பெயின்ல இரிக்கிற சந்தியாகோவுக்கு கரையோரமா நடந்தாலும் கடல் இடக்கைப் பக்கம்தான், என்ன, அங்க சூரியன் கடலுக்குள்ள இறங்கும். மொத்தம் 280 கிலோமீட்டர் அளவில, 13, 14 நாள் எடுக்கும். பழைய ஆக்கள் சந்தியோகுமையோர் என்டு சொல்ற புனித யாகப்பர்ட கல்லறை அங்க இரிக்கி என்டுதான் ஆயிரம் வருசத்துக்கு மேல சனம் நடக்குது, அந்தப் பேரே போர்த்துக்கீசக்காரங்க கொண்டந்த பேர்தான், 1628ல நம்மட கோட்டையைக் கட்டினவங்கட ஊர்ல இருந்துதான் நடக்கத் தொடங்குறோம்.

முதல்ல கால். ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு நடந்தனான், எனக்கு என்ன என்டு நானும் பெருசா நினைச்சித்தான் போனேன். ஆயித்தியமலைக்கு கூட்டத்தோட போறோம், வழியில தண்ணி குடுக்கிறாங்க, அடுத்த நாள் வீட்ட படுக்கலாம். அங்க இண்டைக்கு 22 கிலோமீட்டர் நடந்தா நாளைக்கும் அதேதான், நாளையிண்டைக்கும் அதேதான். அதுவும் போர்த்துக்கல் ஊருகளுக்குள்ள ரோட்டெல்லாம் சின்னச் சின்ன கருங்கல் பதிச்சிரிக்கும், அது உள்ளங்காலைப் போட்டு வாட்டி எடுத்துரும். நான் ரெண்டு மாசம் கல்லடி கடற்கரை மணல்லதான் பழகினேன், சுத்தப் பிழை, மணல் மெத்தை மாதிரி, மூணாம் நாள் ரெண்டு குதிக்காலும் கொப்புளம். நீங்க கார்பெட் ரோட்ல பழகுங்க, விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டு, பேக்கையும் போட்டுக்கிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இல்ல, அடுத்தடுத்து மூணு நாள் நடந்து பாருங்க, அதுலதான் விசயம் இரிக்கி. சப்பாத்து உங்கட சைஸை விட அரைச் சைஸ் கூட எடுங்க, நடக்க நடக்க கால் வீங்கும். புதுச் சப்பாத்தோட பிளேன் ஏறவே வேணாம்.

பேக் உங்கட நிறையில பத்தில ஒரு பங்குதான், 60 கிலோ ஆள் என்டா 6 கிலோ. ரெண்டு உடுப்பு, ஒரு மழைக்கோட்டு, காணும். பின்னேரம் கழுவிக் காயப் போடுங்க. அம்மா கட்டித் தந்த மாசிச் சம்பலை மட்டும் நான் விடல்ல, அது வேற கதை.

விசா ஷெங்கன் விசா, போர்த்துக்கல், ஸ்பெயின் ரெண்டுக்கும் அது ஒன்டே காணும். எந்த நாட்டுல கூட நாள் நிக்கிறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் போடணும், இந்தப் பாதையில ஸ்பெயின் பக்கம் நாள் கூட வரலாம், ஆனபடியா இரவு எத்தினை என்டு எண்ணிப் பாத்துட்டுப் போடுங்க. ட்ராவல் இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு வேணும். மே, ஜூன், இல்லாட்டி செப்டம்பர் நல்லம். ஜூலை 25 யாகப்பர் திருநாள், அந்த நேரம் சனம் நெருக்கம். கோடையில வடக்கால காத்து அடிக்கும், நீங்க நடக்கிறதும் வடக்க, நேர மூஞ்சிக்குத்தான், நம்மட கச்சான் காத்து மாதிரி சூடு இல்ல, குளிர்க் காத்து.

போர்ட்டோ பேராலயத்துல பயண அட்டை ஒன்டு வாங்கணும், கிரெடென்சியல் என்டு சொல்வாங்க, தங்குற இடம், கோயில், கடை எல்லாத்துலயும் அதுல சீல் அடிச்சிட்டு வரணும். வழி காட்டுறது மஞ்சள் அம்புக்குறி. நீல அம்புக்குறியும் சில இடத்துல இரிக்கி, அது தெற்க இரிக்கிற பாத்திமா மாதா கோயிலுக்குப் போறவங்களுக்கு, அதைப் பாத்து நடந்தீங்கென்டா திரும்பி வந்த பக்கமே போவீங்க. பேராலயத்து வாசல்ல இருந்து அம்புக்குறியைப் பிடிச்சா உள்நாட்டுப் பாதைக்கும் கொண்டு போய்விடும், கரையோரம் போக வேணும் என்டா கீழ டூரோ ஆத்தங்கரைக்கு இறங்கி ஆறு போற பக்கமே போங்க, கடல் வந்ததும் வலக்கைப் பக்கம் திரும்புங்க, அவ்வளவுதான். அங்கால கனதூரம் மரப்பலகைப் பாதை, பனி பட்டா வழுக்கும்.

விலா டோ கொண்டே, எஸ்போசெண்டே, வியானா டோ காஸ்டெலோ தாண்டி கமின்யாவில போர்த்துக்கல் முடியுது. மின்யோ ஆத்தை சின்ன போட்டுல கடக்கணும், வத்து பெருக்கைப் பாத்துத்தான் ஓடும், அக்கரையில ஸ்பெயின், மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுங்க. இதை மறந்து நான் ஒருக்கா தங்குற இடத்துல இரவுக் கதவடைச்ச பிறகு போய் நிண்டேன். அங்க இருந்து பயோனா மட்டும் கல்லுக்கரை, கடை குறைவு, தண்ணி நிரப்பிட்டுப் போங்க. ஸ்பெயின்ல இரவுச் சாப்பாடு எட்டரைக்குப் பிறகுதான், பசி தாங்காத ஆக்கள் மத்தியானம் நல்லா சாப்பிட்டுருங்க. பாதை போற ஸ்பெயின் பகுதிக்கு கலீசியா என்டு பேர், அங்க பேய்க்கணவாய் அவிச்சுத் தருவாங்க, நல்லாரிக்கும். பாட்ரோன் என்ட ஊர்ல பச்சை மிளகாய் பொரிச்சுத் தருவாங்க, சிலது உறைக்கும் என்டு பயப்படுத்துவாங்க, எங்களுக்கு அது மிளகாயே இல்லகா.

லீவு இல்லாத ஆக்கள் பயோனா தாண்டி வர்ற வீகோவில இருந்து தொடங்கலாம், 100 கிலோமீட்டர் அளவு வரும், கால்நடையா 100 கிலோமீட்டர் முடிச்சாத்தான் கொம்போஸ்டெலா சான்றிதழ், அந்தத் தூரத்துக்கு ஒரு நாளைக்கு ரெண்டு சீல் வேணும். வீகோ தாண்டி ரெடோண்டேலாவில உள்நாட்டுப் பாதையோட சேருறீங்க, அதுக்குப் பிறகு கடற்கரையோர நடை இல்ல, இடக்கைப் பக்கம் பாத்துப் பழகின கண்ணுக்கு கொஞ்சம் வெறுமையா இரிக்கும்.