பாம்பன் பாலத்திலிருந்து தொடங்கலாம்: குரூப் 4 நடப்பு நிகழ்வுகள், புதிதாகப் படிப்பவர்களுக்கு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 4 தேர்வை எழுதலாம் என்று முடிவெடுத்ததும் பலர் செய்கிற முதல் வேலை, டெலிகிராமில் நாலைந்து குழுக்களில் சேர்வதுதான். ஒரே வாரத்தில் போன் முழுக்க பிடிஎஃப் குவிந்துவிடும், ஒன்றையாவது முழுதாகப் படித்திருக்க மாட்டோம். நடப்பு நிகழ்வுகள் என்றாலே பயம் என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் குவியலைப் பார்த்துத்தான் பயம்.

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இருந்து படிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி என்று நம் கண்ணெதிரே நடப்பதிலேயே தேர்வுக்கு வேண்டிய செய்தி ஏராளம். முதலில் அவற்றை வைத்துப் படிக்கும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். டெல்லிச் செய்திக்கும் ஜெனிவாச் செய்திக்கும் அதே முறைதான்.

படி 1: பாடத்திட்டத்தைக் கையில் வையுங்கள்

தேர்வாணையத்தின் தளத்திலேயே பாடத்திட்டம் கிடைக்கும், அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. நடப்பு நிகழ்வுகள் அந்த 75-க்குள் வரலாறு, புவியியல், ஆட்சியியல், பொருளாதாரம் எல்லாவற்றோடும் இடம் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதனால் இதற்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். நாள் முழுக்கச் செய்தியே படித்துவிட்டுத் தமிழில் கோட்டை விட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

படி 2: நான்கே பொருட்கள்

ஒரு தமிழ் நாளிதழ், ஒரே ஒரு மாத இதழ், 6 முதல் 10 வரை சமூக அறிவியல் புத்தகங்கள், ஒரு நீள நோட்டு. நாளிதழ் வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் ஊர்க் கிளை நூலகத்தில் காலையிலேயே போய் உட்கார்ந்துவிடலாம். மாத இதழ் இரண்டு வேண்டாம். இரண்டிலும் ஒரே செய்தியைத்தான் வேறு வரிசையில் போட்டிருப்பார்கள்.

நாளிதழில் எதைத் தாண்டிப் போவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கொலை, கொள்ளை, கட்சிக்காரர்களின் பதிலுக்குப் பதில், சினிமா எல்லாவற்றையும் தாண்டுங்கள். புதிய சட்டம், திட்டம், நியமனம், விருது, குறியீட்டுப் பட்டியல், விண்வெளி, சுற்றுச்சூழல், "முதல்" அல்லது "மிகப் பெரிய" என்ற சொல் வரும் செய்தி, இவற்றில் மட்டும் நின்றால் போதும். கச்சத்தீவு பற்றி டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசலாம், தப்பில்லை. நோட்டில் எழுத வேண்டியது 1974, 1976 ஆகிய இரண்டு ஒப்பந்த ஆண்டுகளும் இலங்கையின் பெயரும் மட்டும்தான்.

படி 3: செய்தியைக் கேள்வியாக்குங்கள்

இந்த முறைக்கு உயிரே இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2025 ஏப்ரல் 6, ராம நவமி அன்று பிரதமர் பாம்பனில் புதிய ரயில் பாலத்தைத் திறந்துவைத்தார். இதை அப்படியே ஒரு வரியாக எழுதி வைத்தால் ஒரு கேள்விக்குத்தான் உதவும். நோட்டில் ஒரு முழுப் பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். மேல் பாதியில் புதியது: இந்தியாவின் முதல் செங்குத்துத் தூக்குக் கடல் பாலம், நீளம் சுமார் 2.08 கி.மீ., நடுவே 72.5 மீட்டர் நீளப் பகுதி 17 மீட்டர் உயரம் வரை அப்படியே மேலே எழும்பும். கீழ்ப் பாதியில் பழையது: 1914-இல் போக்குவரத்துக்கு வந்தது. அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேல்நோக்கி விரிந்தது, ஆட்கள் நின்று கையால் நெம்புகோலைத் தள்ளித் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது இந்தப் பாலமும் சிதைந்தது. அதை 46 நாளில் சீர்செய்த பொறியாளர் இ. ஸ்ரீதரன். பின்னாளில் டெல்லி மெட்ரோவால் நாடறிந்த அதே ஸ்ரீதரன்தான். பக்கத்திலேயே செல்லும் சாலைப் பாலத்துக்கு அன்னை இந்திரா காந்தி பெயர், 1988-இல் திறப்பு.

இப்போது அந்தப் பக்கத்தில் உள்ள ஆண்டுகளை மட்டும் வட்டமிடுங்கள். 1914, 1964, 1988, 2025. வினாத்தாள் தயாரிப்பவருக்கு வேண்டிய நான்கு விடைத் தெரிவுகளும் அதிலேயே இருக்கின்றன! "பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட ஆண்டு எது?" என்று கேட்டு இந்த நான்கையும் கீழே போட்டால், செய்தியை மேலோட்டமாகப் படித்தவர் 2025-ஐ நிழலிட்டுவிட்டு வருவார். சரியான விடையை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். அதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய மூன்று தவறான விடைகளையும் நீங்களே எழுதுங்கள். "பொருத்துக" கேள்வியும் இப்படித்தான் பிறக்கிறது.

இன்னொரு பொறி, "முதல்", "நீளமான" என்ற அடைமொழிகள். புதிய பாம்பன் பாலம் செங்குத்துத் தூக்குக் கடல் பாலங்களில் முதல், அவ்வளவுதான். நாட்டின் மிக நீளமான கடல் பாலம் மும்பையின் அடல் சேது, 2024 ஜனவரியில் திறந்தது, சுமார் 21.8 கி.மீ. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டால் குழப்பம் வராது.

படி 4: புத்தகத்துக்குத் திரும்புங்கள்

எந்தச் செய்தியையும் பள்ளிப் புத்தகத்தின் ஏதாவது ஒரு பாடத்தோடு கட்டுங்கள். நம்மூர் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு (குறிப்பிட்ட ஊருக்கே உரிய பொருள் என்ற சட்ட அங்கீகாரம்) கிடைத்தது. அது செய்தி. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறி 2003-இல் நடைமுறைக்கு வந்தது, பதிவகம் சென்னையில் இருக்கிறது, நாட்டில் முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. இதெல்லாம் அடிப்படை. செய்தி பழசானாலும் அடிப்படை அடுத்த தேர்விலும் வரும்.

உள்ளூர்க்காரர்களே தடுமாறும் ஓர் இடம் கடல் பசு. நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அதுதான். இந்தியாவின் முதல் கடல் பசு பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது, பரப்பு 448 சதுர கி.மீ. எங்கே என்று கேட்டால் மன்னார் வளைகுடா என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் சொல்வோம். அது பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் இருப்பது 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா, 1986. உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது 1989, யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது 2001. ராமேஸ்வரம் தீவுக்கும் ராமர் சேதுவுக்கும் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வரைபடத்தை ஒருமுறை கையால் வரைந்து பார்த்தவருக்கு இது மறக்காது.

மீன்பிடித் தடைக்காலமும் இப்படித்தான். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதையும் சேர்த்துப் படித்தால்தான் கேள்விக்குப் பதில் முழுமையாகும்.

படி 5: எண்ணுக்குப் பக்கத்தில் தேதி

ராம்சார் ஈரநிலங்களை, அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று பட்டியலிடப்பட்ட ஈரநிலங்களை, எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் 2022-இல் பட்டியலுக்கு வந்தன. சக்கரக்கோட்டையும் தேர்தங்கலும் 2025 பிப்ரவரி வாக்கில் சேர்ந்தன, தமிழ்நாட்டின் எண்ணிக்கை 20 ஆனது. இந்திய அளவில் அப்போது 89. அதே ஆண்டு ஜூனில் ராஜஸ்தானிலிருந்து இரண்டு சேர, 91. வெறும் "89" என்று எழுதி வைத்தவர் நோட்டில் அது நாலு மாதத்திலேயே தவறாகிவிட்டது. அதனால் மாறக்கூடிய எந்த எண்ணையும் பென்சிலில் எழுதி, பக்கத்தில் மாதமும் ஆண்டும் குறியுங்கள். ஈரானில் உள்ள ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது, அதனால்தான் அன்று உலக ஈரநில நாள். இது மாறாது, பேனாவிலேயே எழுதலாம்.

படி 6: சரிபார்த்தல்

வாட்ஸ்அப்பில் வரும் "100 முக்கிய வினா விடை"யை அப்படியே நம்ப வேண்டாம். பெயர், எண், தேதி மூன்றையும் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத் தளத்திலோ மாநில அரசின் செய்திக் குறிப்பிலோ ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முதலாவதில் தமிழிலேயே அறிக்கைகள் வரும்.

படி 7: ஞாயிற்றுக்கிழமை

வாரம் ஆறு நாள் எழுதுங்கள், ஏழாவது நாள் புதிதாக ஒன்றும் எழுதாதீர்கள். கேள்வியை இடப்பக்கத்திலும் விடையை வலப்பக்கத்திலும் எழுதி வைத்தால், வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு இடப்பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்க்கலாம். கூடப் படிக்க ஆள் இருந்தால் இன்னும் நல்லது. பஸ்ஸில் போகும்போது, "அக்கா, பூநாரை சரணாலயம் எங்கே?" "தனுஷ்கோடி, 2025 ஜூன்." "அப்ப தேர்தங்கல்?" "அது பறவைகள் சரணாலயம்டி, ராம்சார்ல இருக்கு." இந்தப் பேச்சு அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து படித்ததற்குச் சமம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் விசாரித்தால் இலவச வகுப்பு பற்றியும் சொல்வார்கள், கூடப் படிக்கவும் ஆள் கிடைக்கும்.

படி 8: எவ்வளவு பின்னோக்கி?

தேர்வுத் தேதியிலிருந்து ஓராண்டு பின்னால் போனால் போதும். ஆண்டுதோறும் வருவதற்குத் தனிப் பக்கம் வையுங்கள்: குடியரசு தினத்துக்கு முன்தினம் பத்ம விருதுகள், பிப்ரவரி 1 மத்திய பட்ஜெட், அதையொட்டி மாநில பட்ஜெட், அக்டோபரில் நோபல். வினாத்தாள் முன்கூட்டியே தயாராகிவிடுவதால் கடைசி இரண்டு வாரச் செய்தி அதில் இருக்க வாய்ப்பு குறைவு. அந்த நாட்களில் நாளிதழை வீட்டில் மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு, நோட்டை மட்டும் முதலிலிருந்து இரண்டு முறை புரட்டுங்கள்.