வெள்ளத்தைக் கணக்கிட ஒரு கோர் போதாது: இணை நிரலாக்கத்தில் முதல் படிகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டித் தாமிரபரணி கரை மீறியதைப் பார்த்த பிறகு, பாளையங்கோட்டையில் என்னிடம் படிக்க வரும் மாணவர்கள் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியாதா? முடியும், ஆனால் கணக்கு வெள்ளத்தை முந்த வேண்டும். அதற்கான வழி இணை நிரலாக்கம், அதாவது ஒரே கணக்கைப் பல கோர்களுக்கு (செயலிக்குள் கணக்குப் போடும் அலகுகளுக்கு) ஒரே நேரத்தில் பங்கிட்டுக் கொடுப்பது. சி மொழியில் ஃபார் லூப் எழுதத் தெரிந்தவர்கள் அந்த வழியில் எங்கே தொடங்குவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கின் அளவைப் பாருங்கள். 60 கி.மீ. நீளமும் 60 கி.மீ. அகலமும் கொண்ட நிலப்பரப்பை 10 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 3.6 கோடிக் கட்டங்கள் வரும். 4 மீட்டர் ஆழத் தண்ணீரில் அலை நொடிக்கு 6 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் ஓடும்; நீரோட்டத்தின் வேகத்தையும் அதனுடன் சேர்த்தால், அலை ஒரே படியில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது என்பதால், நேரத்தை ஏறத்தாழ ஒரு நொடிப் படிகளாகத்தான் நகர்த்த முடியும். ஒரு நாளைக்கு 86,400 படிகள் என்றால் மொத்தம் 3 லட்சம் கோடிக்கு மேற்பட்ட கட்டக் கணக்குகள் ஆகின்றன. ஒரு கோர் நொடிக்கு 2 கோடிக் கட்டங்களை முடிப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு நாள் வெள்ளத்தைக் கணக்கிட 43 மணி நேரம் பிடிக்கும். கட்டத்தின் பக்கத்தை 5 மீட்டராகக் குறைத்தாலோ கட்டங்கள் நான்கு மடங்காகவும் படிகள் இரு மடங்காகவும் பெருகி, வேலை எட்டு மடங்காகிவிடும்.

படி 1: ஒரே கோரில் சரியாக எழுதுங்கள்

வெள்ளத்துக்குப் போகாமல், ஒரு தகட்டில் வெப்பம் பரவுவதிலிருந்து தொடங்குங்கள். இரண்டிலும் ஒரு கட்டத்தின் அடுத்த நிலையை அதன் அண்டைக் கட்டங்களே முடிவு செய்கின்றன. இணை நிரலாக்கத்துக்கு இடம் தருவது இந்த அண்டைத்தன்மைதான். விதி இது:

புதியது = பழையது + ஆர் × (நான்கு அண்டைகளின் கூட்டுத்தொகை − 4 × பழையது)

ஒரு படியில் வெப்பம் எவ்வளவு பரவும் என்பதைக் குறிக்கும் எண்தான் ஆர்; அது 0.25ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் எண்கள் வெடித்துப் பெருகும். பழைய மதிப்புகளுக்கு ஓர் அணி (அரே), புதியவற்றுக்கு இன்னோர் அணி என இரண்டு அணிகள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படி முடிந்ததும் அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். விளிம்பு வழியாக வெப்பம் வெளியேறாதபடி மூடிவிட்டால் மொத்த வெப்பம் மாறாமல் இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத நிரலை நூறு கோரில் ஓட்டினாலும் தவறான விடைதான் விரைவாகக் கிடைக்கும்.

படி 2: ஓப்பன்எம்பி

ஒரே கணினியின் கோர்களுக்கு வேலையைப் பங்கிடும் வசதிதான் ஓப்பன்எம்பி. வெளி லூப்பின் தலையில் "பேரலல் ஃபார்" என்ற ஒரு வரியைச் சேர்த்து, ஜிசிசி கம்பைலருக்கு ஓப்பன்எம்பி விருப்பத்தைக் கொடுத்தால், வரிசைகள் இழைகளுக்குள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் த்ரெட்களுக்குள்) பங்கிடப்படும். இரண்டு அணிகள் இருப்பதால் ஓர் இழை எழுதும் இடத்தை வேறோர் இழை படிப்பதில்லை. மொத்த வெப்பத்தைக் கூட்டும் இடத்தில் மட்டும், ஒவ்வோர் இழையும் தனியே கூட்டிக் கடைசியில் சேர்க்கும்படி "ரிடக்ஷன்" சேர்க்க வேண்டும். இல்லையென்றால் இழைகள் ஒரே மாறியில் மாறி மாறி எழுதி ஒன்றன் கணக்கை மற்றொன்று அழித்துவிடும். கூட்டும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் சற்று மாறலாம், அது பிழையன்று.

எட்டு கோர் இருந்தும் வேகம் மூன்று, நான்கு மடங்கோடு நின்றுவிட்டால் மனம் தளர வேண்டாம். 4000 × 4000 கட்டங்களுக்கு ஓர் அணி 128 மெகாபைட் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். கணக்கு எளியது என்பதால், கோர்கள் தரவு வந்து சேரக் காத்திருக்கும் நேரமே மிகுதியாகிவிடுகிறது.

படி 3: எம்பிஐ, அதாவது வரப்பு

பல கணினிகளைச் சேர்க்கும்போது எல்லாவற்றுக்கும் பொதுவான நினைவகம் இராது; அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் முறைதான் எம்பிஐ. வயலைப் பாத்தி பிரிப்பது போல ஒவ்வொரு பிராசஸுக்கும் (தனி நினைவகத்துடன் ஓடும் நிரலின் பிரதிக்கும்) ஒரு துண்டைக் கொடுத்து, துண்டைச் சுற்றி ஒரு கட்ட அகலத்துக்கு வரப்பு விட வேண்டும். அண்டைத் துண்டின் ஓரக் கட்டங்களுடைய நகல்தான் அந்த வரப்பில் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் முன்னால் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

நான் முதன்முதலில் இதை எழுதியபோது எல்லாப் பிராசஸும் முதலில் "எம்பிஐ சென்ட்" செய்து, பிறகு "ரிசீவ்" செய்யும்படி அமைத்திருந்தேன். 100 கட்ட வரிசையில் நன்றாக ஓடியது. 4000 ஆக்கியதும், திரையில் எல்லாக் கோர்களும் 100 விழுக்காடு உழைப்பதாகக் காட்டின. படி எண் மட்டும் சுழியத்திலேயே நின்றது. சிறிய செய்தியை எம்பிஐ தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பியவரை விட்டுவிடும். பெரிய செய்திக்கோ வாங்குபவர் கை நீட்டும் வரை அனுப்பியவரும் நிற்க வேண்டும். ஆகவே எல்லாரும் கொடுக்க நின்றார்கள், வாங்க ஆளில்லை. இதற்கு மருந்து, இரண்டையும் சேர்த்துச் செய்யும் "சென்ட்ரெசீவ்".

துண்டின் வடிவமும் முக்கியம். 4000 × 4000 கட்டங்களை 400 பட்டைகளாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் 40,000 கட்டங்கள் இருக்கும். பரிமாற வேண்டியவை 8,000. அதையே 200 × 200 சதுரங்களாக வெட்டினால் பரிமாற்றம் 800தான். ஒல்லியான வயலில் வரப்புக்கே நிலம் போய்விடும் என்பதை விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 4: அளந்து பாருங்கள்

1, 2, 4, 8 பிராசஸ்களில் ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின்படி, நிரலில் 5 விழுக்காடு இணையாக்க முடியாததாக இருந்தால் எட்டு கோரில் 5.9 மடங்கும், எத்தனை கோர் சேர்த்தாலும் 20 மடங்கும்தான் கிடைக்கும். திருச்சி என்ஐடியில் உள்ள பரம் பொருள் மீக்கணினி போன்ற 838 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள்) இயந்திரத்துக்கும் இந்த விதி பொருந்தும். இணையாகாமல் நின்றுவிடக்கூடிய, கோப்பில் எழுதும் பகுதியை முதலில் கவனியுங்கள்.

வெப்பத்திலிருந்து வெள்ளத்துக்கு

இப்போது கட்டத்துக்கு ஓர் எண்ணுக்குப் பதிலாக ஆழம், கிழமேல் ஓட்டம், தென்வடல் ஓட்டம் என மூன்று எண்கள் இருக்கும். வரப்பிலும் மூன்றும் போக வேண்டும். ஆற்றங்கரைத் துண்டு திணறும்போது மானூர்ப் பக்கத்து மேட்டு நிலத்தை வைத்திருக்கும் பிராசஸ் வேலையின்றிக் காத்திருக்கும் என்பதால், துண்டுகளைப் பரப்பளவை வைத்துப் பிரிக்காமல், நனைந்த கட்டங்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பது நல்லது. நேரப்படியையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்: ஒவ்வொரு பிராசஸும் தன் துண்டுக்குப் பாதுகாப்பான படியைச் சொல்ல, அவற்றுள் மிகச் சிறியதை "ஆல்ரெட்யூஸ்" கண்டெடுத்து எல்லாருக்கும் அறிவிக்கும்.