கொல்லையில் பாம்பு இருக்கிறதா? அடிக்க வேண்டாம், இப்படிச் செய்யுங்கள்

எங்கள் கொல்லையில் ஒரு சாரைப்பாம்பு பல வருடமாகப் போய்வருகிறது. கிணற்றடியில் தலைகாட்டி, வாழை ஓரமாகவே ஊர்ந்து வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும். சாரைக்கு விஷம் கிடையாது, எலியைத் தின்னும். அதை யாரும் அடிக்க விடமாட்டேன்.

முதலில் ஒன்று. பூண்டு, உப்பு, கந்தகம், பினாயில் எதைத் தெளித்தாலும் பாம்பு வருவது நிற்காது. அது எலிக்கும் தவளைக்கும்தான் வருகிறது. கோழித் தீவனத்தையும் நெல்லையும் மூடி போட்ட டிரம்மில் வையுங்கள், மிச்சச் சோற்றைக் கொல்லையில் கொட்டாதீர்கள், பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, விறகும் தென்னை மட்டையும். தரையோடு கிடக்கும் குவியல் என்றால் எலிக்கும் வீடு, பாம்புக்கும் வீடு. செங்கல் வைத்து ஒரு அடி உயர்த்தி, வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள், எடுக்கப் போகும்போது முதலில் கம்பால் நாலு தட்டு தட்டிவிட்டு, அப்புறம் கையை வையுங்கள். கண்ணாடி விரியன் காய்ந்த சருகில் கிடந்தால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது, மிதித்தால்தான் தெரியும், அதனால் இருட்டில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் கொல்லைப்பக்கம் போகவே கூடாது, பத்தடி தூரம்தானே என்றாலும் கூடாது.

எனக்கு அதிகம் கவலை கட்டுவிரியன்தான். ராத்திரியில் நடமாடும், வீட்டுக்குள்ளும் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல சமயம் வலியும் இருக்காது, பல் பதிந்த தடமும் தெரியாது. விடியற்காலையில் ஒருவர் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தூக்க முடியாமல் சொருகினால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கட்டிலில் படுப்பது நல்லது. தரையில்தான் படுக்க வேண்டும் என்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கை அடைத்து, சாக்கடைக் குழாய் வாயில் வலை போடுங்கள்.

பாம்பு கண்ணில் பட்டால் தள்ளி நில்லுங்கள், வழி விட்டால் போய்விடும். வீட்டுக்குள் வந்துவிட்டால், குழந்தைகளை வெளியே அனுப்பி, அது எங்கே போகிறது என்று தூரத்திலிருந்து ஒருவர் கண் வைத்திருக்க, தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லுங்கள். நீங்களே பிடிக்கப் போகாதீர்கள். அடித்த பாம்பையும் தொடாதீர்கள், வெட்டுப்பட்ட தலைகூடக் கடிக்கும்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள், எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவது போலக் கட்டை வைத்துக் கை கால் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நடக்க விடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். எந்தப் பாம்பு என்று தேடி நேரத்தை விடாதீர்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நான்குக்கும் இங்கே கொடுப்பது ஒரே விஷமுறிவு மருந்துதான். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளை உயிரோடு பிடித்து விஷம் எடுத்துத் தருவதும் இந்த மருந்துக்குத்தான்.