தொடை நாலு பக்கமும் வளர: ரங்கூனில் கால் பயிற்சி செய்கிறவர்களுக்கு

தையற்கடையில் பேண்ட்டுக்கு அளவு கொடுத்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. தையற்கார அண்ணன் இடது தொடையில் டேப்பைச் சுற்றினார், வலது தொடையில் சுற்றினார், மறுபடி இடது. "தம்பி, வலது பக்கம் ஒரு இஞ்சு கூட இருக்கே, எந்தக் காலுக்குத் தைக்கட்டும்?" என்று கேட்டார். அதற்கு முன் இரண்டு வருஷம் வாரம் தவறாமல், தோளில் பாரம் ஏற்றிக் குந்தி எழும் ஸ்குவாட் போட்டிருக்கிறேன். இந்த ஊரில் நாள் முழுக்கக் கைலியில்தான் இருக்கிறோம், கை, நெஞ்சு, தோள் எல்லாம் கண்ணாடியில் தெரியும், தொடை தெரியாது. அதனால்தான் கால் பயிற்சியைப் பலர் தள்ளிப் போடுகிறார்கள், செய்கிறவர்களும் என்னைப் போல் பார்க்காமலே செய்கிறார்கள். அன்றைக்குப் பிறகு கற்றுக்கொண்டதையும் மாற்றிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. முன்தொடை என்று நாம் ஒரே சதையாகச் சொல்வது உண்மையில் நான்கு தசைகள். வெளிப்பக்கம் வளைவு கொடுப்பது வாஸ்டஸ் லேட்டராலிஸ். முழங்கால் சில்லுக்கு மேலே உள்பக்கமாகத் திரண்டு நிற்பது வாஸ்டஸ் மீடியாலிஸ், ஜிம்மில் டியர் டிராப் என்கிறார்களே, அது. நடுவில் அடியில் ஒளிந்திருப்பது வாஸ்டஸ் இன்டர்மீடியஸ். இவை மூன்றின் மேலே நேராக ஓடுவது ரெக்டஸ் ஃபெமோரிஸ். இந்த நாலாவதுதான் தனி ரகம். மற்ற மூன்றும் தொடை எலும்பில் தொடங்கி முழங்காலை மட்டும் நீட்டுகின்றன, இதுவோ இடுப்பெலும்பில் தொடங்குவதால் முழங்காலை நீட்டுவதோடு தொடையை இடுப்பை நோக்கித் தூக்கவும் செய்கிறது. ஸ்குவாட்டில் எழும்போது முழங்காலும் இடுப்பும் சேர்ந்தே நீள்கின்றன, அப்போது இந்தத் தசை ஒரு முனையில் சுருங்கினால் மறு முனையில் இழுபடுகிறது, மொத்த நீளம் பெரிதாக மாறுவதில்லை. 2019இல் ஜப்பானில் 10 வாரம் ஸ்குவாட் மட்டும் செய்யவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் ரெக்டஸும் பின்தொடையும் வளரவே இல்லை, மற்ற மூன்று முன்தொடைத் தசைகளும் வளர்ந்தன, ஆழமாக இறங்கியவர்களுக்குப் பிட்டமும் உள்தொடையும் கூடுதலாக வளர்ந்தன. ஸ்குவாட் ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே மாதிரி, மெஷினில் உட்கார்ந்து பாரத்தை முன்னே உதைத்து முழங்காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷனில் பாதத்தை வெளியே திருப்பினால் டியர் டிராப் மட்டும் தனியாக வரும் என்று எனக்கும் ஒருவர் சொல்லிக்கொடுத்தார், நானும் ஆறு மாதம் திருப்பித் திருப்பி உதைத்தேன். அந்தத் தசையைத் தனியாகப் பிரித்து வளர்க்க வழி கிடையாது. முழங்கால் நன்றாக மடங்கும் ஆழத்தில் பாரம் ஏற்றினால் முன்தொடை மொத்தமாக வளரும், அதோடு அதுவும் வளரும். அது சில்லுக்கு எவ்வளவு அருகில் வந்து முடிகிறது என்பது பிறப்பிலேயே வந்த அமைப்பு, அதை யாரும் மாற்ற முடியாது. உங்கள் கையில் இருப்பது பருமன், நாலு பக்கச் சமநிலை, மேலே மூடியிருக்கும் கொழுப்பு, இந்த மூன்றுதான்.

சரி, ஸ்குவாட்டுக்கு வருவோம். 1981 மிஸ்டர் ஒலிம்பியா ஆணழகன் போட்டியில் மூன்றாவதாக வந்த டாம் பிளாட்ஸின் கால்களைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். அவர் ஸ்குவாட் போடும் வீடியோ கிடைத்தால் பாருங்கள், குதிகால் உயர்ந்த ஷூ, நிமிர்ந்த உடம்பு, பின்தொடை கெண்டைக்காலில் போய் ஒட்டும்வரை இறக்கம். முன்தொடைக்கு வேண்டியது அதுதான். குதிகாலுக்கு அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குச் சின்ன எடைத் தட்டோ ஒரு பலகைத் துண்டோ வைத்தால் முழங்கால் முன்னே போகும், உடம்பு நிமிர்ந்தே இருக்கும், பாரம் இடுப்புக்குப் போகாமல் முன்தொடையில் விழும். முழங்கால் விரலைத் தாண்டக் கூடாது என்று பயமுறுத்துவார்கள். தாண்டலாம், படி இறங்கும்போதும் குந்தி உட்காரும்போதும் தினமும் தாண்டத்தான் செய்கிறது. பாரத்தை ஒரேயடியாக ஏற்றுவதுதான் ஆபத்து. ஆழமாக இறங்குவதில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது, ரங்கூன் டீக்கடையின் அந்தக் குட்டை ஸ்டூலில் மணிக்கணக்காக உட்கார்ந்து பழகியவர்களுக்கும், குந்தி உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கும் அந்த இறக்கம் புதிதில்லை. தாத்தா காலத்தில் பஸ்கி எடுத்ததும் அந்த ஆழத்தில்தான்.

இறங்க மூன்று வினாடி, கீழே ஒரு கணம் நில்லுங்கள், துள்ளி எழாதீர்கள். இப்படி 6 முதல் 10 முறை தொடர்ந்து செய்தால் ஒரு செட், அது போல் மூன்று செட். கடைசி முறை முடிக்கும்போது இன்னும் ஒன்றோ இரண்டோ மட்டுமே வரும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். மூன்று செட்டிலும் 10 வந்துவிட்டால் அடுத்த வாரம் இரண்டரைக் கிலோ ஏற்றுங்கள். செட்டுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிஷம் உட்காருங்கள், மூச்சு வாங்குவதும் தொடை வளர்வதும் வேறு வேறு விஷயம்.

அப்புறம் அந்த ரெக்டஸ். லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் நிமிர்ந்து உட்காராமல், முதுகுப் பலகையைப் பின்னால் தள்ளி, அல்லது முதுகுக்குப் பின்னே எதையாவது வைத்துச் சாய்ந்துகொண்டு செய்யுங்கள். இடுப்பு விரியும்போது அந்தத் தசை இழுபட்டு நிற்கும், இழுபட்ட நிலையில் வேலை செய்யும் தசை நன்றாக வளர்கிறது. 12 முதல் 15 முறை, மூன்று செட் போதும். மெஷின் இல்லையா, கரண்ட் போய் ஜிம்மே இருட்டாகக் கிடக்கிறதா, வீட்டில் பாயை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் முழந்தாளிட்டு நில்லுங்கள். இடுப்பை மடக்காமல், முழங்காலிலிருந்து தலை வரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு மெல்லப் பின்னால் சாய்ந்து, முடிந்த இடத்திலிருந்து திரும்பி வாருங்கள். முதல் நாள் ஒரு சாண் சாய்ந்தாலே தொடை நடுவில் தீயாக எரியும். எட்டு முறை வந்தால் போதும், ஆழத்தை வாரவாரம் கூட்டலாம்.

இந்த ஊரில் நமக்குக் கிடைத்த இன்னொரு மெஷின் மாடிப்படி. நகரத்துக்குள் பழைய கட்டடங்களில் ஆறு மாடி, ஏழு மாடி, லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. நான் இருப்பது ஆறாவது மாடி. ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் முன்தொடைக்கு வேலைதான், உடம்பின் பாரத்தைத் தாங்கித் தாங்கி விடும்போது தசை நீண்டுகொண்டே உழைக்கிறது, அடுத்த நாள் வலி வருவதும் அதனால்தான். கால் பயிற்சிக்கு மறுநாள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறவர்களை எங்கள் கட்டடத்திலேயே பார்த்திருக்கிறேன். படியைப் பயிற்சியாக்க ஒரு வழி: ஒரு படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைக் கீழ்ப்படிக்கு மூன்று வினாடியில் இறக்கி, குதிகால் தரையைத் தொட்டதும் நின்ற காலின் பலத்திலேயே திரும்பி எழுங்கள். தொட்ட காலால் உந்தக் கூடாது. சாமான் வாங்கி வந்தால் பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில் கட்டி மேலே இழுக்காமல் பையை இரண்டு கையிலும் சமமாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள்.

இனி என் வலது தொடைக் கதை. ஃபோனைப் பின்னால் வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தேன். பாரம் கூடின செட்டில் கீழிருந்து எழும்போது இடுப்பு வலது பக்கம் இரண்டு விரற்கடை நகர்கிறது. பழைய கணுக்கால் சுளுக்கு ஒன்று, இடது கணுக்கால் சரியாக மடங்காததால் உடம்பு தானாகவே வலது காலுக்குப் பாரத்தைத் தள்ளிவிட்டிருக்கிறது. ஸ்குவாட்டில் பாரத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஒற்றைக்கால் பயிற்சியை முன்னே கொண்டு வந்தேன், பின்காலை டீக்கடை ஸ்டூல் உயரத்தில் வைத்து முன்காலில் இறங்கும் பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட். முதலில் இடது கால், அது எத்தனை முறை செய்கிறதோ வலது காலும் அத்தனை முறைதான், வலதில் இன்னும் ஐந்து வரும் என்று தெரிந்தாலும் நிறுத்திவிட வேண்டும். அதோடு தினமும் சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையில் இருக்க முழங்காலைச் சுவரில் தொடவைக்கும் கணுக்கால் பயிற்சி. எட்டு மாதம் ஆனது. இப்போது அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம், அது எல்லோருக்கும் இருக்கும்.

அளப்பதற்கும் முறை இருக்கிறது. முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே பேனாவால் ஒரு கோடு, அந்தக் கோட்டில் டேப். காலையில், பயிற்சிக்கு முன்னால், நின்றபடி. பயிற்சி முடிந்த கையோடு அளந்தால் இரத்தம் ஏறி வீங்கியிருக்கும், அந்த எண்ணை நம்பாதீர்கள்.

பின்தொடையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கால் மெலிவாகத் தெரிவது பெரும்பாலும் பின்தொடை வளராததால்தான். அதற்கு இரண்டு வகை வேண்டும். ஒன்று, முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பைப் பின்னே தள்ளிக் குனியும் ரோமானியன் டெட்லிஃப்ட், முதுகு வளையாமல், பார் தொடையை உரசிக்கொண்டே இறங்க வேண்டும். இன்னொன்று பாரத்துக்கு எதிராக முழங்காலை மடக்கும் லெக் கர்ல், படுத்துச் செய்யும் மெஷினை விட உட்கார்ந்து செய்வது நல்லது, உட்காரும்போது பின்தொடை ஏற்கெனவே இழுபட்டிருக்கும். வீட்டில் என்றால் டைல்ஸ் தரையில் மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் துண்டை வைத்து, இடுப்பைத் தூக்கிக்கொண்டு குதிகாலை உள்ளே இழுத்து வெளியே விடுங்கள். கெண்டைக்காலுக்கு நின்றபடி, முழங்கால் நேராக, படி விளிம்பில் குதிகாலை நன்றாகக் கீழே இறக்கி இரண்டு வினாடி நின்று ஏறுவது, நாலு செட்.

வாரத்துக்கு இரண்டு நாள் போதும். ஒரு நாள் ஸ்குவாட், லெக் எக்ஸ்டென்ஷன், லெக் கர்ல், கெண்டைக்கால். மூன்று நாள் கழித்து ரோமானியன் டெட்லிஃப்ட், ஸ்பிளிட் ஸ்குவாட், சாய்ந்து எழும் அந்தப் பாய்ப் பயிற்சி, மறுபடி லெக் கர்ல், கெண்டைக்கால். புதியவர்களுக்கு முன்தொடைக்கு வாரம் 8 முதல் 10 செட் தாராளம், பழகினவர்கள் மெல்ல 15 வரை போகலாம். சில்லுக்குக் கீழே ஒரு விரல் வைத்து அழுத்தும் இடத்தில் வலி வந்து, உடம்பு சூடேறிய பிறகும் அது போகாமல் மறுநாள் கூடினால், பாரத்தையும் துள்ளலையும் குறையுங்கள். வீக்கமோ, முழங்கால் பூட்டிக்கொள்வதோ இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

சாப்பாடு இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 100 கிராம். காலையில் மொஹிங்கா மட்டும் குடித்தால் அதில் மீனை விட நூடுல்ஸ்தான் அதிகம், இரண்டு அவித்த முட்டை சேர்த்துப் போடச் சொல்லுங்கள், முட்டைக்கு ஆறு கிராம். விடியற்காலையில் தெருவில் கூவி விற்கும் அவித்த பட்டாணி, சந்தையில் ஷான் டோஃபு, வீட்டில் பருப்பு, கருவாடு, எல்லாம் கணக்கில் வரும். கோழியை வீசைக் கணக்கில் வாங்குகிறோம், ஒரு வீசை சுமார் 1.6 கிலோ. எலும்பு போக மிஞ்சும் கறியை நாலு நாளைக்குப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத நாளில் ஃப்ரிட்ஜை நம்ப முடியாது, அன்றைக்கு முட்டையும் கருவாடும் கைகொடுக்கும்.

கோடை மாதங்களில், தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னும் பின்னும், காலை ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள். வெயிலில் நான்காவது செட்டில் கண் இருண்டவர்களை நானே கைத்தாங்கலாக உட்காரவைத்திருக்கிறேன். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் பக்கத்தில் இருக்கட்டும்.