பல கலைஞர்கள் சேர்ந்து சிம்பொனிக் புரோகிரசிவ் ராக் ஆல்பம் உருவாக்குவது எப்படி?

சிம்பொனிக் புரோகிரசிவ் ராக் என்பது ராக் இசையோடு மேற்கத்திய செவ்வியல் இசையின் பாணியைக் கலக்கும் இசை வகை; அதில் நீண்ட பாடல்கள் சகஜம். 20 நிமிடம் நீளும் பாடலைப் பலர் தனித்தனியே பதிவு செய்யும்போது முதலில் தயாராக வேண்டியது டெம்போ வரைபடம்தான். 7/8 தாளம் எங்கே 4/4-க்கு மாறுகிறது, வேகம் எங்கே தளர்கிறது என்பதெல்லாம் அதில் இருந்தால்தான் டிரம்ஸ் கலைஞரும் வயலின் கலைஞரும் ஒரே கிளிக்கைப் (ஹெட்போனில் கேட்கும் தாளத் துடிப்பைப்) பின்பற்ற முடியும். அனைவரும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்புகளாக, பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே எக்ஸ்போர்ட் செய்து அனுப்ப வேண்டும். டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் முதலில் முடித்துவிடுங்கள்.

மெல்லோட்ரான் (டேப்பில் பதிந்த ஒலிகளை இசைக்கும் கீபோர்டு), ஆர்கன், கிட்டார் மூன்றும் நடு அதிர்வெண்களில் எளிதில் மோதிக்கொள்ளும் என்பதால், எந்தப் பகுதியில் எது முன்னே நிற்க வேண்டும் என்பதை ஒருவரே இசைக்கோர்ப்பின்போதே தீர்மானிப்பது நல்லது; மிக்ஸிங்கில் (பதிவுகளை ஒன்றுசேர்க்கும் கட்டத்தில்) ஈக்வலைசரை (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) நம்பியிருந்தால் அது பெரும்பாலும் அரைகுறையாகவே முடியும். தனி வாசிப்புகளில் மட்டும் கலைஞருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்து, இரண்டு மூன்று டேக்குகள் (மாற்றுப் பதிவுகள்) கேட்டு வாங்குங்கள்.