ஆர்க்கிட்டில் புதுத் தண்டு குட்டையா? முதலில் வேரைப் பாருங்கள்

டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட்டில் புதுத் தண்டு பழையதைவிடக் குட்டையாக நின்றுவிட்டால் உரத்தைக் கூட்டாதீர்கள். தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். செடி தொட்டிக்குள் ஆடினால் கோளாறு பெரும்பாலும் வேரில்தான். ஒரு வேரை விரலால் அழுத்துங்கள்: கெட்டியாக இருந்தால் நல்லது; தோல் வழுக்கிக் கழன்று நூல் மட்டும் கையில் மிஞ்சினால் அது செத்த வேர்.

புதுக் குருத்து சொந்த வேர் விடும்வரை பழைய தண்டுகளின் சேமிப்பில்தான் வளர்கிறது. கோலாலம்பூரின் சாயங்கால மழையில் தொட்டியில் போட்ட தேங்காய் மட்டை மக்கி, ஈரம் வடியாமல் வேரை அழுக வைத்துவிடும்; அந்த நிலையில் போடும் உரம் காசுக்குக் கேடு. மட்டையைக் கொட்டிவிட்டுக் கரித்துண்டும் உடைத்த செங்கல்லும் போடுங்கள். குருத்தின் அடியில் பச்சை வேர்நுனி எட்டிப் பார்க்கும் சமயமே தொட்டி மாற்றத் தோது. பழைய தண்டுகள் விளிம்பை ஒட்டியும் புதுக் குருத்து நடுவை நோக்கியும் இருக்கட்டும், செடி குருத்து இருக்கும் பக்கமாகத்தான் நகரும்.

கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுங்கை பூலோ நர்சரியிலிருந்து வாங்கி வந்த செடியில் முதல் தண்டு குட்டையானால் பதற வேண்டாம். அங்கே கிடைத்த வெளிச்சம் அடுக்குமாடி வீட்டு (கொண்டோ) பால்கனியில் கிடைக்காது, வீட்டில் விடும் முதல் தண்டு சற்றுக் குறையும். வாண்டா, ஃபெலனாப்ஸிஸ் ஆகிய ஆர்க்கிட் வகைகள் இரண்டுக்கும் புதுத் தண்டைப் பழையதோடு ஒப்பிடும் இந்தக் கணக்கே பொருந்தாது. அவை ஒரே தண்டில் மேல்நோக்கி வளர்பவை.